வாடகை வீடும் ஒரு பிணைச்சொல்லும்

கனேடிய குடிவரவுச் சட்டத்தில் மீள்குடியமர்த்தப்படும் அகதியும் அகதிக் கோரிக்கையாளரும் ஒருவரல்லர். வெளிநாட்டிலிருந்து அரசாலோ தனியார் அனுசரணையாளராலோ அழைத்துவரப்படும் அகதி, வந்திறங்கும்போதே நிரந்தர வதிவுரிமை பெறுவதோடு, முதலாண்டுச் செலவுக்கும் தங்குமிடத்துக்கும் பொறுப்பேற்க ஒருவரை உடையவராகவும் இருக்கிறார். விமான நிலையத்திலோ எல்லையிலோ, நாட்டுக்குள் வந்த பின்னரோ தாமாகப் பாதுகாப்புக் கேட்பவரே அகதிக் கோரிக்கையாளர். தமிழர் பேச்சில் 'கேஸ்' எனப்படும் அவரது கோரிக்கையைக் குடிவரவு அகதிகள் சபை விசாரித்து முடிக்கும்வரை, அவருக்கு வீடு தேடித்தரும் கடமை எந்த ஓர் அலுவலகத்தின் மீதும் முழுமையாக விழுவதில்லை.

இந்தப் பொறுப்பின் இடைவெளி 2023ஆம் ஆண்டுக் கோடையில் ரொறன்ரோ நகர மையத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. குடிவரவு மத்திய அரசின் பொறுப்பு, சமூக உதவிப்பணம் மாகாணத்தின் பொறுப்பு, வீடற்றோர் காப்பகம் மாநகரத்தின் பொறுப்பு என்று மூன்றாகப் பிரிந்துகிடக்கும் ஆட்சிமுறையில், இடம் நிரம்பிய காப்பகங்களைக் காரணம் காட்டி மாநகரம் அந்த ஜூன் மாதம் முதல் கோரிக்கையாளரை மத்திய அரசின் திட்டங்களை நாடச் சொன்னது. அதன் விளைவாக, பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் பீற்றர் தெருவிலுள்ள காப்பக அனுமதி நிலையத்துக்கு வெளியே நடைபாதையில் உறங்கினர். அவர்களில் பலருக்குக் கறுப்பினத்தவரின் தேவாலயங்கள் கதவு திறந்தன. ஜூலையில் மத்திய அரசு 21.2 கோடி டாலரை அறிவித்து, அதில் 9.7 கோடியை ரொறன்ரோவுக்கு ஒதுக்கியது.

எனினும் காப்பகக் கட்டில் கிடைப்பதும் வீடு கிடைப்பதும் வேறு வேறு. ஒன்ராறியோவில் 'வெல்ஃபேர்' என்று வழங்கும் சமூக உதவிப்பணம் தனியாளுக்கு மாதம் 733 டாலர். அதில் வாடகைக்கென்று கணக்கிடப்படுவது 390 டாலர் மட்டுமே என்பதால், ரொறன்ரோவில் தனி வீடு இருக்கட்டும், பகிர்ந்து வாழும் அறைக்கே அது போதாது. பணத்தைவிடக் கடினமான தடை ஒன்றும் உண்டு. வீட்டு உரிமையாளர், விண்ணப்பிப்பவர் முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளரது பரிந்துரையையும், கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியதைக் காட்டும் கடன் வரலாற்றையும், வேலைக் கடிதத்தையும் கேட்கிறார். இவை மூன்றும் இந்நாட்டில் ஏற்கனவே வாழ்ந்தவரிடம் மட்டுமே இருக்கக்கூடியவை. 9 என்ற இலக்கத்தில் தொடங்கும் சமூகக் காப்புறுதி எண்ணோ, அதை உடையவர் தற்காலிகமாகத் தங்கியிருப்பவர் என்பதை முதல் பார்வையிலேயே சொல்லிவிடுகிறது.

சட்டம் வாடகைதாரர் பக்கம் ஓரளவு நிற்கிறது. ஒன்ராறியோவில் முதல் மாத வாடகையோடு கடைசி மாதத்துக்குரிய முற்பணத்தை வாங்கலாமேயன்றி, ஆறு மாத வாடகையை ஒருசேரக் கேட்க இயலாது. பிறந்த இடத்தையோ குடியுரிமையையோ உதவிப்பணம் பெறுவதையோ காட்டி வீட்டை மறுப்பதை மாகாண மனித உரிமைச் சட்டக்கோவை தடுக்கிறது. ஆனால் மறுப்புக்குக் காரணம் சொல்லப்படாமல், அழைப்புக்கு மறுமொழியே வராமல் போகும்போது அந்த உரிமையை நிலைநாட்டுவது எளிதன்று.

ஆகவேதான், கோரிக்கையாளருக்கு வீடு தேட உதவும் வீட்டுவசதிப் பணியாளரின் வேலை முகவரி தேடித்தருவதோடு முடிவதில்லை. வேலை அனுமதிக்கும் வங்கிக் கணக்குக்கும் வழிகாட்டுவது, வீட்டைப் பார்க்குமுன் முற்பணம் அனுப்பச் சொல்லும் மோசடி விளம்பரங்களை இனங்காட்டுவது, வாடகை ஒப்பந்தத்தை வரிக்கு வரி விளக்குவது, வாடகையின் ஒரு பகுதியை ஈடுசெய்து, ஆள் வீடு மாறினாலும் அவரோடு செல்லக்கூடிய அரசு மானியத்துக்கு விண்ணப்பிப்பது ஆகியவற்றைச் செய்யும் அவர், உரிமையாளரிடம் பேசி, "சிக்கல் வந்தால் என்னை அழையுங்கள்" என்று வாக்கும் கொடுக்கிறார். கோரிக்கையாளரும் தன்னார்வலரும் ஒரே கூரையின்கீழ் வாழும் ரொறன்ரோவின் ரொமேரோ இல்லம் போன்ற இடைக்கால வீடுகளும் இதே பணியை வேறு வகையில் செய்கின்றன: அங்கே வாழ்ந்த மாதங்களே அடுத்த வீட்டுக்கான பரிந்துரையாகின்றன.

பிறர் தரும் பிணைச்சொல்லால் வீடு பெறுவது தமிழருக்குப் புதிதன்று. அகதிக் கோரிக்கையாளருக்கும் கனேடிய உரிமைச் சாசனம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1985இல்; நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டது 1986இல். அக்காலத்தில் வந்தவர்களில் பலருக்கு முதற்கூரை, உறவினரோ ஊரவரோ ஒதுக்கித் தந்த அறையோ 'பேஸ்மென்ட்' எனும் நிலக்கீழ்த் தளமோதான். அங்கே கடன் வரலாற்றின் இடத்தை "இவர் இன்னாருடைய மகன்" என்ற ஒரு சொல் நிரப்பியது. அவ்வாறு சொல்ல ஊரவர் இல்லாத நைஜீரியருக்கோ உகண்டாக்காரருக்கோ வீட்டுவசதிப் பணியாளர் எழுதித்தரும் பரிந்துரைக் கடிதம் ஒன்றே அந்தச் சொல். இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிராம்ப்டனிலும் தங்கள் நிலக்கீழ்த் தளங்களை வாடகைக்கு விடும் தமிழ் உரிமையாளர்கள், விண்ணப்பத்தில் கடன் வரலாற்றுக்குரிய கட்டம் வெறுமையாக இருப்பதைக் கண்டு தாளை ஒதுக்குமுன், அதனோடு இணைத்திருக்கும் அந்தக் கடிதத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.