மட்காடு இல்லாத சைக்கிள்

அவருக்கு வயது 56. கோயம்புத்தூரில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்டர் ‘சர்க்கரை’ என்று சொன்ன பிறகு, பழைய சைக்கிள் ஆசை திரும்ப வந்தது. 21 கியர், முன்பக்கம் ஷாக் அப்சார்பர், முள்ளு முள்ளாகத் தடித்த டயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூட்டமே சேர்ந்து, மலையடிவாரத்தில் கல்லும் மண்ணுமான பாதை எங்கே இருக்கிறது என்று தேடிப் போகும். தார் ரோடு என்றால் அவர்களுக்கு இளக்காரம்.

“இதெல்லாம் ஒரு பாதையா? எங்க ஊர்ல வந்து ஓட்டிப் பாருங்க” என்பார் அவர்.

அந்தப் பாதை, இடைசெவலில் நாற்கரச் சாலையை விட்டு இறங்கிக் கிழக்கே போவது. கி.ரா.வும் கு.அழகிரிசாமியும் பிறந்த அதே இடைசெவல்தான். அழகிரிசாமியின் கதையால் பேர் பெற்ற குமாரபுரம் ஸ்டேஷனும் அந்தத் திசையில்தான். மூன்று மைல் உள்ளே அவருடைய ஊர். வீடுகளை எண்ணினால் நாற்பது தேறாது.

கரிசலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, டயர் இறங்கும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும். நல்லதாக ஒரு மழை விழுந்தால் போதும், அதே மண் தண்ணீரைக் குடித்து உப்பிப் பசையாகிவிடும். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அந்தக் குணம் பருத்திக்கும் உளுந்துக்கும் வரம்; சக்கரத்துக்குச் சனி. பத்துச் சுற்று சுற்றுவதற்குள் டயருக்கும் மட்காடுக்கும் நடுவே மண் அப்பி, வண்டி நின்றுவிடும். அதனால் ஐப்பசி பிறந்ததும் மட்காடைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள். மண்ணை நோண்ட ஹேண்டில்பாரில் ஒரு குச்சி செருகியிருக்கும். அதற்கும் மசியாவிட்டால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

1983-ல், ஒன்பதாம் வகுப்பில் அவருக்கு ஒரு பழைய சைக்கிள் கிடைத்தது. மழைக்காலத்தில் அவர் அதில் போன நாளைவிட, அதைச் சுமந்துபோன நாள்தான் அதிகம். ஆனாலும் அந்தச் சந்தோஷம் இன்றைய கியர் சைக்கிளில் இல்லை என்பார்.

இந்த ஐப்பசியில் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டி வந்தார். அக்கா வீடு அங்கேதான். அப்பா, அம்மா காலத்துக்குப் பிறகு அவர் ஊருக்குள் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அக்கா சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “என்ன தம்பி, இம்புட்டுப் பணம் குடுத்து வாங்கிருக்க. மட்காடு இல்ல, கேரியர் இல்ல. ஒரு மூட்டை உரம் ஏத்த முடியுமா இதுல?”

மறுநாள் வெள்ளனவே தூறலில் கிளம்பிவிட்டார். இடைசெவலில் இறங்கித் திரும்பினால், எதிரே தார் ரோடு.

கரிசலுக்கு மேலே சரள் பரப்பி உயர்த்தி, ஓடைக்குக் குறுக்கே சின்னதாக ஒரு பாலமும் கட்டியிருந்தார்கள். ஓரங்களில் மட்டும் நீளவாக்கில் விரிசல் ஓடியிருந்தது. கரிசல் தாரையும் சும்மா விடாது. முள்ளு டயர் அந்த வழவழப்பில் ‘உய்ங்’ என்று கத்தியபோது, யாரோ ஏமாற்றிவிட்டது போல அவருக்கு இருந்தது.

எதிரே ஏழெட்டுப் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் சைக்கிளில் வந்தார்கள். அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள்கள். 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு மட்டும் என்று தொடங்கி, 2005-06-ல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று விரிந்த திட்டம். முன்கூடையில் பை, பையின் மேல் பிளாஸ்டிக் உறை. மட்காடு எல்லாம் அதது இடத்தில் இருந்தது. ஓரமாக நின்றவரைப் பார்த்து ஒருத்தி கேட்டாள், “என்ன தாத்தா, பஞ்சரா?”

அவருக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

1981-ல் அக்கா எட்டாம் வகுப்பு முடித்தார். மேலே படிக்க இந்தப் பாதையைத் தாண்டித்தான் போக வேண்டும். “மழைக்காலத்துல மூணு மாசம் பொம்பளப் பிள்ள இதுல எப்படிப் போகும்?” என்றார் அப்பா. நியாயமாகத்தான் பட்டது, வீட்டில் எல்லோருக்கும். ஆறே மாதத்தில் அதே பாதையில், அதே சகதியில், விடியுமுன்னே நடந்துபோய்த் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஏறினார் அக்கா. கட்டை அடுக்குகிற வேலை. பஸ்ஸில் பாதிப் பேர் அவரைவிடச் சின்னப் பிள்ளைகள். தடுக்கிற சட்டம் அப்போதே இருந்தது, ஏட்டளவில். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியதுதான் 1983-ன் பழைய சைக்கிள். இதில் எதுவும் அவருக்குத் தெரியாததல்ல.

ஊரைத் தாண்டித் தோட்டத்துக்குப் போகிற பாதை மட்டும் இன்னும் மண்ணாகவே கிடந்தது. விடுவாரா? இறங்கினார். ஐம்பது அடி போவதற்குள் பிரேக், கியர் எல்லாவற்றிலும் மண் அப்பி, லட்ச ரூபாய்க்குப் பக்கமான சைக்கிள் அப்படியே நின்றது. தோளில் தூக்கித் தார் ரோட்டுக்குக் கொண்டுவந்தபோது மூச்சு வாங்கியது.

வாசலில் அவரைப் பார்த்ததும் அக்கா சிரித்தார்.

“ரோடு போட்டாச்சுன்னு ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா வந்திருப்பியா நீ?”

விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உருவிக்கொண்டு அக்கா மண்ணை நோண்ட உட்கார்ந்தார். அவர் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார்.

“எத்தன பேரு?”

“ஏழெட்டுப் பேர் இருக்கும்.”

“மழையிலயா?”

“மழையிலதான்.”

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். “அந்தப் பழைய சைக்கிள நீ ஓட்டிருக்கியாக்கா?”

“ஒரே தடவ. களத்துல. அப்பா தோட்டத்துக்குப் போயிருந்தாக. நீதான பின்னால பிடிச்சிக்கிட்டு ஓடியாந்த? மறந்துட்டியாக்கும்.”

அவருக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை.

“அந்தப் பக்கத்தப் பிடி. இதுல எம்புட்டுப் பல்லு!” என்றார் அக்கா.