ஹட்டனிலிருந்து அக்கரைக்கு

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை நோக்கிப் புறப்பட்ட புகையிரதம் நாவலப்பிட்டியைத் தாண்டியதும் தன் நடையை மாற்றிக்கொண்டது. அதுவரை ஓடிவந்த வண்டி அதன்பின் மலையேறத் தொடங்கிற்று. வட்டவளை, ரொசெல்ல என்று நிலையங்கள் கழியக் கழியக் காற்றிலே குளிர் கூடிற்று. கமுகும் பலாவும் மெல்ல மறைந்தன. எட்டிய மட்டும் தேயிலையே பச்சைக் கம்பளம்போல் சரிவுகளைப் போர்த்தி நின்றது. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென மலையேறிய இருப்புப் பாதை இது. 1885-இல் நானுஓயாவையும் 1924-இல் பதுளையையும் எட்டியது. தேயிலைப் பெட்டிகள் இறங்கிய பாதையிலே பெட்டி படுக்கையோடு மாணவர்களும் இறங்கும் காலம் வந்திருக்கிறது.

அவ்வாறு இறங்கிக் கடலையும் கடந்து, இந்திய அரசின் புலமைப்பரிசில் பெற்றுச் சென்னைக்குப் படிக்கப் போன மாணவி ஒருவரை ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலே நாம் சந்தித்தோம். முதல் விடுமுறைக்கு அவர் வீடு வந்திருந்தார். அந்நிய நகரில் அவர் கழித்த முதல் நாட்களின் கதை, ஒரு சமூகத்தின் கதையாகவே நமக்குப் பட்டது.

ஹட்டன், கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே அமைந்த நகரம். சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர்கள் இங்கே இறங்கித்தான் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்கிறார்கள். நாம் அவர்களோடு சிறிது தூரம் பஸ்ஸிலே சென்று, பின்னர் தோட்டத்துப் பாதையிலே நடந்தோம். கூடையைத் தலையில் மாட்டிய பெண்கள் மேல்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். கீழே வரிசையாக லயங்கள். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றும், அதற்கு முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பும், அடுப்படியுமே அம்மாணவியின் வீடு.

அவருடைய தாயார் கொழுந்து பறிப்பவர். "வாங்கையா, உட்காருங்க" என்று பலகையைத் துடைத்துப் போட்டுச் சாயத்தண்ணியும் ரொட்டியும் கொடுத்தார்.

"மகளை அவ்வளவு தூரம் அனுப்பப் பயமாக இருக்கவில்லையா?" என்று கேட்டோம்.

"என்னங்கையா பயம்? நம்ம ஊருக்குத்தானே போறா! அவ பாட்டன் பொறந்த மண்ணு அது" என்றார் தாயார்.

பாட்டனாரின் பிறந்த ஊர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துறையூர்ப் பக்கம். கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் காய்ச்சலும் நிறைந்த வழியே மாத்தளை மட்டும் நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் பலர். அந்த நடையை நினைவுகூர்ந்து, இரு நூற்றாண்டு நிறைவின்போது, 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் கால்நடையாகவே சென்றார்கள். பாட்டனாரின் காலத்தில் மண்டபம் முகாமும் கப்பலும் புகையிரதமும் வந்துவிட்டன. பேர்த்தியாரோ கட்டுநாயக்காவில் விமானமேறி ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னையில் இறங்கிவிட்டார். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வரப் பிடித்த நேரத்தில் அது கால்வாசியே!

முதல் நாள் அவரை வரவேற்றது சென்னையின் வெயில். மலைக்குளிரில் கம்பளியோடு வளர்ந்தவருக்கு மூச்சு முட்டிற்று. விடுதியிலே இரவெல்லாம் மின்விசிறி சுழன்றும் உறக்கம் வரவில்லை. மறுநாள் பஸ்ஸிலே ஏறி, இறங்கவேண்டிய இடம் வந்ததும் வழக்கம்போல "இறக்கம்!" என்று குரல் கொடுத்தார். நடத்துநர் திரும்பிப் பார்த்தார், பயணிகள் சிரித்தார்கள். வண்டி அடுத்த தரிப்பிடத்திலேதான் நின்றது. தேநீர்க் கடையிலே "பிளேன்டீ" கேட்டவருக்குப் பாலும் சீனியும் கலந்து கொதித்த தேநீரே கிடைத்தது. தேயிலைக்கு நடுவே பிறந்தவர், தேநீர் கேட்கவும் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது!

இவையெல்லாம் சிரித்து மறந்துவிடக் கூடியவை. மறக்கவொண்ணாதது தோழியர் கேட்ட கேள்வியே.

"சிலோனா? யாழ்ப்பாணமா?"

"இல்லை, மலையகம்."

"அது எங்கே இருக்கிறது?"

போரைப் பற்றியும் அகதிகளைப் பற்றியும் அவர்கள் அறிந்திருந்தார்கள். தங்கள் மாவட்டங்களிலிருந்தே புறப்பட்டுப்போய் மலைகளைத் தோட்டமாக்கிய மக்களைப் பற்றி அறிந்திருக்கவில்லை. இலங்கையின் குடிசன மதிப்பீட்டில் 1911 முதல் 'இந்தியத் தமிழர்' என்று தனியே எண்ணப்பட்ட சமூகத்துப் பெண், இந்தியாவிலே கால் வைத்த மறுநாளே 'சிலோன் பெண்' ஆகிவிட்டார்.

அந்த வாரத்திலேயே வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குச் செல்லும் கடமையும் வந்தது. நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையிலே, சாஸ்திரி பவன் வளாகத்தில் அப்பொழுது அவ்வலுவலகம் இருந்தது. வாசலிலே அந்தப் பெயரைப் படித்ததும் கால் தயங்கி நின்றுவிட்டதாக அவர் நம்மிடம் கூறினார். தயக்கத்தின் காரணம் மலையகத்தார்க்குச் சொல்லாமலே விளங்கும்.

சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளப்படும். 1974-இல் அவர்களும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். தாயகம் திரும்புவோர் என்ற பெயரோடு பலர், தாம் கண்டிராத தாயகத்துக்குப் புறப்பட்டார்கள். அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலே மீண்டும் கொழுந்து பறித்து வாழ்ந்தவர்கள் பலர். இம்மாணவியின் பாட்டியார் இங்கே தங்கிவிட்டார். பாட்டியாரின் தம்பி கூடலூருக்குப் போனார். அக்காளும் தம்பியும் பிறகு சந்திக்கவே இல்லை.

பதிவுப் பத்திரத்தில் 'நாடு' என்ற இடத்தில் அம்மாணவி 'இலங்கை' என்று எழுதினார். எழுதிய கை நடுங்கிற்றாம். "முதலில் அழுகைதான் வந்தது. பாட்டன் பிறந்த நாட்டிலே நான் அந்நியப் பெண். பிறகு பாட்டியை நினைத்தேன். இந்த ஒரு சொல்லை எழுத அவருக்கு உரிமை இருக்கவில்லையே!" என்றார்.

உண்மைதான். 1988-ஆம், 2003-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வந்த பின்னரே நாடற்றோர் என்ற சொல் இம்மலைகளிலிருந்து நீங்கிற்று. பாட்டியார் வெறுங்கையோடு காத்திருந்த இடத்திலே, பேர்த்தியார் கடவுச்சீட்டோடு நின்றார். அந்நியர் என்று பதிவதற்கும் ஒருவருக்கு முதலில் சொந்த நாடொன்று வேண்டியிருக்கிறது.

மூன்றாம் வாரம் அவர் துறையூர்ப் பக்கம் சென்று பாட்டனாரின் ஊரைத் தேடிக் கண்டார். பாட்டனாரை அறிந்தவர் எவரும் இல்லை. ஆயினும் முதியவள் ஒருத்தி திண்ணையில் அமர்த்தி மோர் கொடுத்தாள், தலையைத் தடவினாள், பின்னர் அன்போடு கேட்டாள்: "எப்பம்மா ஊருக்குத் திரும்பிப் போவே?"

மகள் இதைச் சொல்லியபோது தாயார் ஒன்றும் பேசவில்லை. அடுப்பிலே இன்னொரு விறகைச் செருகினார்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் கடமையைத் துரைமார்மீது சுமத்திய சட்டம் 1907-இலேயே வந்தது. எனினும் ஒரே அறையும் ஒரே ஆசிரியரும் கீழ்வகுப்புகளுமாகவே தோட்டப் பள்ளிகள் நெடுங்காலம் கிடந்தன. 1970-களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. அந்த நிலையிலிருந்து கடல் கடந்த பல்கலைக்கழகம் மட்டும் வந்த தூரம், சென்னைக்கும் ஹட்டனுக்கும் உள்ள தூரத்தினும் பெரிது. இம்மாணவி பெற்ற இடத்தை இன்னும் பல பிள்ளைகள் பெறவேண்டும்.

மலைநாட்டுக்கு உல்லாசப் பயணம் வரும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பனிமூட்டமும் நீர்வீழ்ச்சியும் கண்ணுக்கு விருந்தே. அவற்றைக் கண்டபின் லயத்துப் பக்கமும் சற்று நடந்து செல்லுங்கள். சாயத்தண்ணி கிடைக்கும். கூரையின் கீழே மண்ணெண்ணெய் விளக்கோ மின்விளக்கோ, ஏதோ ஒரு வெளிச்சத்தில் புத்தகம் விரித்திருக்கும் பிள்ளையையும் காண்பீர்கள். "என்ன படிக்கிறாய்?" என்று கேளுங்கள். "எந்த ஊர்?" என்று கேட்டால், "இந்தத் தோட்டந்தான்" என்று அப்பிள்ளை சொல்லும் பதிலை முழுப் பதிலாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.