கழிப்பதற்கும் ஒரு முறை உண்டு

பழையதைத் தூக்கி எறிவது எளிது. அதை நம்பியிருப்பவர்க்குச் சொல்லிவிட்டு எறிவதுதான் கடினம். மூடுல் என்னும் கற்றல் மேலாண்மை மென்பொருளின் நிரலைப் புரட்டியபோது எங்களுக்குத் தோன்றியது இது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூஜியாமஸ் தொடங்கிய மூடுல், 2002 ஆகஸ்டில் முதற்பதிப்பாக வெளிவந்தது. கட்டற்ற மென்பொருள் ஆதலால் எவரும் அதன் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், தமக்கு வேண்டிய செருகுநிரலை எழுதி இணைத்துக்கொள்ளலாம். சிக்கலும் அங்கேயே பிறக்கிறது. எந்த ஊரில் எவர் எந்தச் செயற்கூற்றை நம்பி வேலை செய்கிறார் என்பதை மூல நிரலர்கள் முழுமையாக அறிய வழியில்லை.

தொடக்கக் காலத்தில் பொதுச் செயற்கூறுகள் பெருமளவில் ஒருசில பெருங்கோப்புகளில் குவிந்துகிடந்தன. 2013இல் வந்த 2.6 பதிப்பு, ஒவ்வொரு கூறும் தன் வகுப்புகளைத் தன் கோப்புறையிலேயே வைத்துக்கொள்ளவும், வேண்டும்போது மட்டும் அவை தாமே ஏற்றப்படவும் வழிசெய்தது. கூறுகளின் பெயர்களும் ஓர் ஒழுங்கில் அமைந்தவை: முன்னே வகை, பின்னே பெயர். பெயரைக் கண்டாலே அதன் இருப்பிடம் விளங்கும். திணையும் துறையும் வகுத்துப் பழகிய நமக்கு இது அந்நியமான வேலையன்று.

எனினும் எங்களை ஈர்த்தது அடுக்கிய முறையன்று, கழித்த முறை. வழக்கொழிய வேண்டிய செயற்கூற்றை மூடுலில் உடனே அழிப்பதில்லை. கைவிடப்பட்டவற்றுக்கென்றே உள்ள தனிக் கோப்புக்கு அது பெயர்கிறது. அங்கிருந்தும் முன்போலவே உழைக்கிறது; ஆனால் அழைக்கப்படும்போதெல்லாம், இனி எதைப் பயன்படுத்த வேண்டும் என்று நிரலருக்கு அறிவிக்கிறது. சில பெரும்பதிப்புகள் கடந்தபின் வேலையை நிறுத்தி, மாற்று வழியை மட்டும் சொல்லி நிற்கிறது. அதற்கும் பிறகே மறைகிறது.

எங்கள் துறையில் அசை பிரிக்கும் பயிற்சிக்காக முன்னாள் மாணவர் ஒருவர் எழுதித் தந்த சிறு செருகுநிரல் உண்டு. எழுதியவர் வேறு ஊருக்கு, வேறு பணிக்குப் போய்விட்டார். 2014இல் வந்த 2.7 பதிப்பில் மாணவர் செயல்களைப் பதியும் முறையே மாறியது. அச்செருகுநிரலோ பழைய முறையை நம்பியிருந்தது. ஆனாலும் முதலாண்டு மாணவர்களின் பயிற்சி ஒருநாளும் தடைப்படவில்லை. பிழைகாண் வசதியை இயக்கியபோது அறிவிப்பு மட்டும் வந்தது. அடுத்த விடுமுறையில் கணினித்துறை மாணவி ஒருவர் அதைப் படித்து, உரிய இடத்தைத் திருத்தித் தந்தார். எழுதியவரை அவர் பார்த்ததுகூட இல்லை. அந்த அறிவிப்பே அவருக்கு ஆசானாயிற்று.

பழையது கழிவதையும் புதியது புகுவதையும் நன்னூலார் வழுவாகக் கொள்ளவில்லை. மொழியில் அது பெரும்பாலும் தானே நிகழ்கிறது. ஒரு சொல் வழக்கிழந்த நாளை எவரும் பறையறைந்து சொல்வதில்லை. மென்பொருளில் அப்படியன்று. யாரோ ஒருவர் முடிவெடுத்துக் கழிக்கிறார். முடிவெடுப்பவர் உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு.

பாடத்திட்டத்திலிருந்து ஒரு நூலை நீக்குவதும் யாரோ எடுக்கும் முடிவுதான். ஓர் ஆண்டில் இருக்கிறது; மறு ஆண்டில் இல்லை. ஏன் போயிற்று, அதைத் தேடி வரும் மாணவர் இனி எங்கே செல்வது என்று ஒரு வரியேனும் விட்டுச்செல்லும் வழக்கம் நம்மிடம் எத்தனை இடங்களில் இருக்கிறது?