எனக்கு வாய்க்காத வழித்துணை

'ஜர்னி' என்ற வீடியோ கேமைப் பற்றி ஒரு சிற்றிதழில் நான் எழுதிய கட்டுரையில் பொய் இருக்கிறது. முகம் தெரியாத வழித்துணையோடு பாலைவனம் கடந்து மலையேறியதை உருகி உருகி எழுதியிருந்தேன். அதை எழுதும்போது அப்படியொரு துணை எனக்கு வாய்த்திருக்கவே இல்லை.

ஜெனோவா சென் தலைமையில் தட்கேம்கம்பெனி உருவாக்கி, 2012-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த கேம் அது. வசனம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. செவ்வங்கி அணிந்த ஓர் உருவம் தூரத்து மலையை நோக்கிப் போகும். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நெட் இருந்தால், உலகத்தின் ஏதோ மூலையில் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர் நம்மோடு வந்து சேர்வார். அவரோடு பேச முடியாது; ஓர் ஒலியை மட்டும் எழுப்பலாம். 2019-ல் கணினிக்கு வந்த பிறகு நாமக்கல்லில் தரவிறக்கி, கொல்லிமலையில் செம்மேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து ஆடினேன். வீட்டில் நெட் எடுக்காது. தனியாகவே முடித்தேன்.

மணல் சரிவில் சறுக்கும் இடம் பிரமாதம். வெயில் சாய்ந்து மணலெல்லாம் பொன்னாக மின்னும். மற்ற நேரமெல்லாம் ஜாய்ஸ்டிக்கை முன்னே தள்ளியபடி உட்கார்ந்திருந்தேன். அலுப்பாக இருந்தது. ஆஸ்டின் வின்டரியின் இசை கிராமி பரிந்துரை வரை போன கேம். அலுத்தது என்றால் என் ரசனையை மட்டமாக நினைப்பார்களே என்று பயந்தேன். மற்றவர்களின் அனுபவங்களைப் படித்து என்னுடையதாக்கிக்கொண்டேன்.

கட்டுரையை நம்பி அந்த கேமைக் காசு போட்டு வாங்கிய ஊர்ப் பையன் ஒருவன் கேட்டான்: "பாக்க நல்லாத்தான் இருக்குண்ணா. ஆனா இதுல நான் என்னதான் பண்றது?" எனக்குள் எழுந்த அதே கேள்வி. "இதுக்கெல்லாம் ரசனை வேணும்டா தம்பி" என்றேன். எழுதிய பொய்யைவிட இது பெரிய தப்பு.

பிறகு சேலத்தில் அக்கா வீட்டில் நெட்டோடு ஆடினேன். பனிமலையில் காற்று பின்னுக்குத் தள்ளுகிறது. உருவத்தைப் பறக்கவைக்கும் கழுத்துத் துணியின் சக்தி குளிரில் வற்றுகிறது. கூட வருபவரை ஒட்டி நடந்தால்தான் கொஞ்சம் திரும்ப ஊறும். நான் பின்தங்கிவிட்டேன். அவர் ஒரு கல் மறைவில் நின்று ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தார். எங்கள் மலையின் ஆகாய கங்கை அருவியிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் ஏறி வரும்போது, மூச்சு வாங்கி உட்கார்ந்தவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுத் தானும் பக்கத்தில் உட்காருவாரே முன்பின் தெரியாத ஒருவர், அவர்தான் இவர். எப்போது நிற்பது, எப்போது ஓடிச் சேர்வது என்று என் கைக்கு அங்கே வேலை இருந்தது.

பார்சிலோனாவின் நோமாடா ஸ்டுடியோ 2018-ல் வெளியிட்ட 'கிரிஸ்' கேமைப் பற்றி எழுதியபோதும் அதன் நீர்வண்ண அழகை மட்டுமே புகழ்ந்தேன். நாயகியின் உடை கனத்த கட்டையாக மாறிப் புயலில் அசையாமல் நிற்கும். புயல் வீசும் கணம் பார்த்துப் பொத்தானை அழுத்தப் பழகுவதில்தான் விளையாட்டே இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

பையன் கேட்டது நியாயம். ஜர்னியைத் தனியே ஆடுபவருக்கு அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காது; துணையோடு ஆடினால் கிடைக்கும். இதை முதலில் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் சொல்லவில்லை. சோளக்காட்டுச் சந்தைக்கு அவன் வரும்போது நேரில் பார்த்துச் சொல்லப்போகிறேன்.