பிராக் நகரின் தரை

பிராக் நகரின் பழைய நகரச் சதுக்கத்தில், மணி அடிக்கப்போகும் நேரத்தில் பெருங்கூட்டம் அண்ணாந்து நிற்கும். 1410இல் அமைத்த வானியல் கடிகாரம் அங்கே இருக்கிறது. சன்னல்கள் திறந்து திருத்தூதர்கள் ஒவ்வொருவராக வந்துபோக, எலும்புக்கூடு ஒன்று மணிக்கயிற்றை இழுக்கிறது. பார்க்க வேண்டிய காட்சிதான். அது முடிந்ததும் கூட்டம் அப்படியே சார்லஸ் பாலத்துக்குப் போய்விடுகிறதே என்பதுதான் வருத்தம். இந்த ஊர் தன் வரலாற்றில் பாதியைத் தரையில் பதித்து வைத்திருக்கிறது.

கடிகாரத்திலிருந்து சில அடி தள்ளி, நகர மண்டபத்தின் கிழக்குச் சுவரோரம் நடைகற்களில் 27 வெள்ளைச் சிலுவைகள் தெரியும். ஹாப்ஸ்பர்க் ஆட்சியை எதிர்த்த பொஹீமியத் தலைவர்கள் 27 பேருக்கு 1621 ஜூன் 21 அன்று மரண தண்டனை நிறைவேற்றிய இடம் அது. அவர்களில் ஒருவர் யான் யெசேனியுஸ். 1600இல் இதே ஊரில் பலர் முன்னிலையில் மனித உடலை அறுத்து உடற்கூற்றை விளக்கிய மருத்துவர். பின்னாளில் பல்கலைக்கழகத் தலைவர். தலைக்கு முன் அவருடைய நாக்கை வெட்டினார்கள். கொல்லப்பட்டவர்களில் 12 பேரின் தலைகள் பத்தாண்டுகள் பாலத்துக் கோபுரத்தில் தொங்கின. இன்று எல்லோரும் படம் எடுக்கும் அதே கோபுரம்!

சதுக்கத்திலேயே ஒரு பித்தளைக் கோடும் உண்டு. மரியன்னைத் தூணின் நிழல் அதில் விழுந்தால் உச்சிப்பொழுது. 1918இல் மக்கள் சாய்த்த அந்தத் தூணை 2020இல் மறுபடி நிறுத்தினார்கள்.

வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனையில், தேசிய அருங்காட்சியகத்தின் எதிரே, வெண்கலச் சிலுவை ஒன்று தரையிலிருந்து புடைத்துக் கிடக்கிறது. சோவியத் படையெடுப்புக்குப் பின் நாடு பணிந்துபோவதைப் பொறுக்காமல் 1969 ஜனவரி 16 அன்று தீக்குளித்த 20 வயது மாணவர் யான் பாலாக், அடுத்த மாதம் அவர் வழியில் உயிர்விட்ட யான் ஸாயீட்ஸ் ஆகிய இருவருக்கான நினைவுச்சின்னம் அது. கவனிக்காமல் போனால் கால் இடறும். அப்படி அமைத்ததே சரி.

இதே சதுக்கத்தில் 2020இல் தரையைப் பெயர்த்தபோது, சில கற்களின் அடிப்பக்கம் மெருகேறியிருந்தது. ஹீப்ரு எழுத்துகளும் தெரிந்தன. கம்யூனிஸ்ட் ஆட்சியில் யூதக் கல்லறைக் கற்களை உடைத்துத் தளம் போட்டிருக்கிறார்கள். பல ஆண்டுகள் ஊரே அதன்மேல் நடந்திருக்கிறது. கற்கள் யூதச் சமூகத்திடம் திரும்பின. ஷிஷ்கோவ் பகுதியின் பழைய யூதக் கல்லறையில் அவற்றைக்கொண்டே நினைவிடம் எழுப்பினார்கள். பிராக் போகிறவர்கள் மெட்ரோவில் யிர்ஷிஹோ ஸ் போட்யெப்ராட் நிலையத்தில் இறங்கி, தொலைக்காட்சிக் கோபுரத்தைக் குறிவைத்து நடந்தால் அங்கே போய்ச் சேரலாம்.