தண்ணீர் இல்லாத ஏரி

"அப்பா, ஏரி எங்கே?" என்றாள் மகள்.

பந்தாய் கெராச்சுட் பாலத்தில் நின்றிருந்தோம். கீழே காய்ந்த சேறும் புல்லும்தான். பிப்ரவரி வெயிலில் ஒன்றரை மணி நேரம் காட்டுப் பாதையில் அவளை நடக்க வைத்ததே இந்த ஏரியைக் காட்டத்தான்.

ஜார்ஜ் டவுன் கொம்தாரில் 101ஆம் எண் பேருந்து ஏறினால் தெலுக் பஹாங் வந்துவிடலாம். 2003இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவின் வாசல் அங்கேதான். பூங்காவுக்குள் இருக்கும் இந்த ஏரி விசித்திரமானது. ஓடைகளின் நன்னீர் மேலே, கடலிலிருந்து வரும் உப்புநீர் கீழே. உப்புநீர் கனமானது என்பதால் இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். மழை குறைந்த மாதங்களில் ஏரி வற்றிவிடும்.

"திரும்பி வருமா?"

ஒரு நாள் வந்து போகிற எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்ததும் இருவரும் கணினி முன் உட்கார்ந்தோம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை 2015 முதல் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். அகச்சிவப்பு ஒளியை இலையும் மண்ணும் திருப்பி அனுப்பும், தண்ணீர் விழுங்கிவிடும். அதனால் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். கறுப்புப் புள்ளிகளை எண்ணினால் ஏரியின் பரப்பு கிடைக்கும். நம் ஊரில் மேகம்தான் தொல்லை. தெளிவான படங்களைப் பொறுக்கித் தேதி வாரியாக அடுக்க வேண்டும்.

ஒரே படம் ஏமாற்றும். 2019 கோடையில் சென்னையின் புழல் ஏரி சுருங்கிக் கிடந்த படத்தை உலகமே பார்த்தது. பிறகு மழை பெய்து அது நிரம்பியது. மத்திய ஆசியாவின் ஏரல் கடலோ, அதற்கு வந்த ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட்டதால் 1960கள் முதல் ஆண்டுக்காண்டு சுருங்கியது. அதன் பெரும்பகுதி திரும்பவே இல்லை. வற்றிய நிலையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பல ஆண்டுப் படங்களை வரிசையாக வைத்தால்தான் எது ஓய்வு, எது மரணம் என்று புரியும்.

எப்போது, எவ்வளவு வற்றியது என்பதைச் செயற்கைக்கோள் சொல்லும். ஏன் என்று அறிய மழைக் கணக்கையும், ஓடையையும், கடல் வாயை அடைக்கும் மணல் திட்டையும் நேரில் பார்க்க வேண்டும்.

மகள் நாட்காட்டியில் அக்டோபரை வட்டமிட்டிருக்கிறாள். அது பினாங்கில் நல்ல மழை மாதம். மறுபடி நடக்கத்தான் வேண்டும்.