அம்மையார் கேட்ட கேள்வி

ஊதியமில்லா ஊழியம், பெயரோ மக்கள் தொடர்புச் செயலாளர்! நீதிக்கட்சி திராவிடர் கழகமான 1944 சேலம் மாநாட்டில், பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் துறக்கச் சொன்ன அண்ணாவின் தீர்மானத்தை மேடைதோறும் முழங்கியவர்தாம் நாம். ஆயினும், இராசிபுரம் பக்கத்துப் படிப்பகத்தில் பதவி என்றதும் தலை சற்று நிமிரத்தான் செய்தது.

முதற்பணி, தறிக்காரர் தெருவில் சுயமரியாதைத் திருமணத் துண்டறிக்கை வழங்குவது. அடுக்குமொழி ஆறாய்ப் பாய்ந்தது. தறியை நிறுத்தாமலே கேட்டிருந்த அம்மையார் ஒருவர் வினவினார்: "அய்யரு இல்லாமக் கட்டிக் குடுத்து, நாளைக்கு அவன் உட்டுட்டுப் போனா, கோர்ட்டு ஒத்துக்குமா கண்ணு?"

ஆறு வற்றிற்று. புராணத்தைப் புரட்டத் தெரிந்த நமக்குச் சட்டத்தைப் புரட்டத் தெரியவில்லை!

அன்றிரவு படித்தோம். அண்ணா ஆட்சியில் 1967-இல் நிறைவேறிய திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உற்றார் நண்பர் முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக மணமக்கள் அறிவித்தாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் மணம் செல்லும், புரோகிதர் வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்தல் கட்டாயம்.

மறுநாள் சொன்னோம். தறி நின்றது.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? பதியறதுக்கு எங்க போவோணும்?"

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வழி எழுதிக் கொடுத்தோம், துண்டறிக்கையின் வெற்றுப் பக்கத்தில்.